எழுந்திருக்க மாட்டேன் என்ற பொட்டலம்

பொட்டலத்துக்குக் கோட்டு மாட்டிவிட நாலு கை வேண்டும். சின்னவளிடம் இருந்தவை இரண்டுதான்.

பொட்டலம் குட்டி நாய் இல்லை. வளர்ந்து முடித்த நாய். இதற்கு மேல் வளர வேண்டாம் என்று அதுவே முடிவு செய்துவிட்டதுபோல, சின்னவளின் முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிட்டது. ஓர் அட்டைப்பெட்டிக்குள் சுருண்டு படுத்தபடி இந்த வீட்டுக்கு வந்ததால் அந்தப் பெயர்.

"தலையைக் கொடு," என்றாள் சின்னவள்.

பொட்டலம் காலைக் கொடுத்தது.

"கால் இல்ல. தலை."

இன்னொரு காலைக் கொடுத்தது.

மணி ஏழு நாற்பது. எட்டரைக்குப் பள்ளியில் மணி அடித்துவிடும். அதற்குள் பொட்டலத்தை வெளியே கூட்டிப்போய், தெருவின் ஓரத்தில் அதன் வேலையை முடிக்கவைத்து, திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். வெயில் காலத்தில் பத்து நிமிட வேலை. குளிர் வந்ததும் கோட்டு வந்தது. கோட்டு வந்ததும் காலை நேரமே காணாமல் போய்விட்டது.

முதலில் மார்புப் பட்டை. கழுத்தில் கயிறு கட்டி இழுத்தால் பொட்டலத்துக்கு மூச்சு முட்டும் என்பதால், மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை அது. முதுகுப் பக்கம் அதில் ஓர் இரும்பு வளையம் இருக்கும். பட்டைக்கு மேல் கோட்டு. கோட்டின் முதுகில் பொத்தான் துளை மாதிரி ஒரு துளை. வளையத்தை அந்தத் துளை வழியாக வெளியே எடுத்து, அதில் கயிற்றுக் கொக்கியை மாட்ட வேண்டும். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கும்.

சின்னவள் முன்னங்கால் ஒன்றைக் கோட்டின் கால் ஓட்டையில் நுழைத்தாள். இன்னொன்றை நுழைப்பதற்குள் முதல் கால் வெளியே வந்துவிட்டது. அதைப் பிடித்தால் இது வெளியே வந்தது. மூன்றாவது முறை இரண்டு முன்னங்கால்களும் ஒரே ஓட்டைக்குள் இருந்தன. அது எப்படி நடந்தது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

ஒருவழியாக எல்லாம் முடிந்தது. பின்னங்கால்களில் மாட்டும் இரண்டு தொடைப் பட்டைகளும் சேர்ந்துகொண்டன. வளையம் துளை வழியாக எட்டிப் பார்த்தது. கொக்கி 'டக்' என்று மாட்டியது.

பொட்டலம் உட்கார்ந்தது.

"எழுந்திரு."

பொட்டலம் அவளைப் பார்த்தது. கண் இமைத்தது. உட்கார்ந்தே இருந்தது.

சின்னவள் கயிற்றை இழுத்தாள். வழவழப்பான தரையில் பொட்டலம் உட்கார்ந்த நிலையிலேயே வழுக்கிக்கொண்டு வந்தது. கதவு வரை வந்தது. நிலைப்படியில் இடித்து நின்றது.

அண்ணன் பெரியவன் ரொட்டியை மென்றபடி சுவரில் சாய்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வயது பதின்மூன்று. உதவி செய்வதைவிட யோசனை சொல்வது பிடிக்கும்.

"அடியில சக்கரம் வெச்சுடலாம்," என்றான்.

"வந்து ஒரு கை பிடியேன்."

"என் கை ரெண்டுலயும் வெண்ணெய்."

சின்னவள் ஒரு பெருமூச்சு விட்டாள். இந்த வாரத்தில் அவள் விட்ட பெருமூச்சுகளை ஒன்றுசேர்த்தால் ஒரு பலூனை ஊதிக் கட்டியிருக்கலாம்.

கோட்டைத் தைத்தது அம்மா.

அம்மா வேலை செய்வது ஒரு தையல் பட்டறையில். அங்கே சட்டையோ பாவாடையோ தைப்பதில்லை. சோபா, நாற்காலி, மோடா எல்லாவற்றுக்கும் உறை தைப்பார்கள். எந்த வீட்டுக்கு எந்த சோபாவை அளக்கப் போக வேண்டுமானாலும் பட்டறை முதலாளி அம்மாவைத்தான் அனுப்புவார். அம்மா அளந்து தைத்த உறையை மாட்டினால் ஒரு சுருக்கம் இருக்காது. அம்மா அதிகம் பேசமாட்டாள். தன் வேலையைப் பற்றியும் பெருமை அடித்துக்கொள்ளமாட்டாள். மாட்டி முடித்ததும் உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிடுவாள். அவ்வளவுதான் அவளுடைய பெருமை.

குளிர் தொடங்கிய வாரம் பொட்டலத்துக்கு இருமல் வந்தது. 'கக், கக்' என்று இரண்டு நாள் இருமியது. கால்நடை டாக்டர் அதன் மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"முடி ரொம்பக் கம்மி. வயிறு வேற தரையை ஒட்டியே இருக்கு. கோட்டு போடாம வெளிய கூட்டிட்டுப் போகாதீங்க. கடைல விக்கிறது முதுகை மட்டும்தான் மூடும். இதுக்கு வயிறும் மூடணும்."

"நான் தெச்சுக்கறேன்," என்றாள் அம்மா.

அன்று மாலையே அளவெடுத்தாள். பொட்டலம் சமத்தாக அசையாமல் இருந்தது. அம்மா அட்டையில் உருவம் வரைந்து வெட்டினாள். அந்த அட்டையை வைத்துத் துணியை வெட்டினாள். கழுத்திலிருந்து வால் வரை முதுகுக்கு ஒரு துண்டு, கழுத்திலிருந்து தொடை வரை வயிற்றுக்கு ஒரு துண்டு. ஞாயிற்றுக்கிழமை பச்சைக் கோட்டு தயார். மாட்டினார்கள். பொட்டலம் உட்கார்ந்தது. அம்மா நீவிவிட்டாள். எங்கேயும் ஒரு சுருக்கம் இல்லை.

"என்னமா பொருந்தியிருக்கு," என்றார் அப்பா.

நிஜமாகவே பொருந்தியிருந்தது. ஆனால் திங்கட்கிழமை காலை பொட்டலம் எழுந்திருக்கவில்லை.

குளிர் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அம்மா அதே அட்டையை வைத்து இன்னும் கெட்டித் துணியில் நீலக் கோட்டு தைத்தாள். இந்தப் புதன்கிழமை காலை நிலைப்படியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அந்த நீலக் கோட்டுதான்.

சின்னவள் கடைசியில் என்ன செய்தாள் என்றால், தினமும் செய்வதைத்தான் செய்தாள். பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி இறங்கினாள். தெருவில் இறக்கிவிட்டாள். அது அங்கேயும் உட்கார்ந்தது. குளிர்ந்த காற்று இருவர் மூக்கையும் சிவக்க வைத்தது. பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, மறுபடி தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறினாள். கதவு முன்னால் கோட்டைக் கழற்றினாள்.

கழற்றியதுதான் தாமதம். பொட்டலம் எழுந்து நின்று, உடம்பை ஒரு உதறு உதறி, அவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்ததை எல்லாம் மாடிப்படியிலேயே முடித்துவிட்டது.

அது ஓடைபோல ஒரு படி இறங்கியது. அப்புறம் இன்னொரு படி.

கீழே துடைப்பானைப் பிடித்தபடி நின்றிருந்தார் கட்டடத்துக் காவலாளி. அந்தப் படிகளை அவர் அப்போதுதான் துடைத்து முடித்திருந்தார்.

"பாப்பா," என்றார்.

"நானே துடைச்சுடறேன் மாமா."

"மூணு நாள் ஆச்சு. மூணு நாளும் இதே படி."

"தெரியும் மாமா."

"அதுக்கு இந்தப் படி மேல என்ன கோபம்?"

சின்னவள் துடைப்பானை வாங்கித் துடைத்தாள். காவலாளி திட்டவில்லை. இடுப்பில் கையை வைத்து மெல்ல நிமிர்ந்தார். அவருக்கு முதுகு வலி. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

பள்ளிக்கு ஏழு நிமிடம் தாமதம். மூன்றாவது நாளாக.

அன்று மாலை அப்பா வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். அப்பா பேருந்து ஓட்டுநர். நாள் முழுக்க ஹாரன் சத்தம் கேட்டுவிட்டு வருவதால் வீட்டில் மெதுவாகத்தான் பேசுவார்.

"காவலாளி பேசினாரு. மேல் மாடியில இருக்கறவங்க அவரைத்தான் சத்தம் போடறாங்களாம், படி நாறுதுன்னு. பாவம், அந்த மனுஷன் என்ன செய்வாரு?"

பொட்டலம் கோட்டு இல்லாமல் வீட்டுக்குள் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் நகங்கள் தரையில் 'டிக் டிக்' என்று கேட்டன.

"சனிக்கிழமை சித்தி வர்றா," என்றார் அப்பா. "அவ ஊர்ல குளிரே கிடையாது. கோட்டும் வேண்டாம், பாட்டும் வேண்டாம். அதுக்குள்ள இது ஒழுங்கா நடந்துச்சுன்னா சரி. இல்லன்னா சித்திகூட அனுப்பிடலாம்."

"குளிர் முடிஞ்சதும் திரும்பி வந்துடுமா?" என்று கேட்டாள் சின்னவள்.

அப்பா குனிந்து செருப்பைக் கழற்றத் தொடங்கினார். கழற்றி முடித்தும் பதில் வரவில்லை. பதில் அதுதான் என்று சின்னவளுக்குப் புரிந்தது.

அம்மா எழுந்து போய்த் துணிப்பெட்டியைக் கிளறினாள்.

"உள்பக்கம் உறுத்துதோ என்னவோ," என்றாள். "மெத்துனு ஒரு துணி இருக்கு. இன்னொண்ணு தெச்சுடறேன்."

அதே அட்டை. மூன்றாவது கோட்டு. இது சிவப்பு.

வியாழக்கிழமை சிவப்புக் கோட்டு தெருவுக்கு வந்தது. சின்னவளின் கையில்தான் வந்தது. இறக்கிவிட்ட இடத்தில் உட்கார்ந்தது.

சின்னவள் சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, இரண்டு அடி தள்ளி நின்று நீட்டினாள். பொட்டலம் கழுத்தை நீட்டியது. இன்னும் நீட்டியது. அதற்கு அவ்வளவு நீளமான கழுத்து இருப்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. எட்டவில்லை என்றதும் பிஸ்கட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அந்த வழியாகப் போன ஒருவர் நின்றார்.

"அடடா, என்ன அழகா உட்கார்ந்திருக்கு. பழக்கி வெச்சிருக்கீங்களா?"

"இல்லங்க."

"கோட்டு எங்க வாங்கினது? அளவெடுத்து தெச்ச மாதிரி இருக்கு."

"அளவெடுத்துத்தான் தெச்சது," என்றாள் சின்னவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டார். அடுத்து வந்த ஒரு பெண்ணும் பிடித்துக்கொண்டார். பொட்டலம் பொம்மைபோல உட்கார்ந்து போஸ் கொடுத்தது. தெருவில் போகிற எல்லோரும் பாராட்டினார்கள். ஒருவராவது 'இந்த நாய் ஏன் நடக்கவில்லை' என்று கேட்கவில்லை.

மாடிப்படி அன்றும் நனைந்தது. சின்னவள் அன்றும் துடைத்தாள். பள்ளியில் ஆசிரியை வருகைப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கி, "இன்னைக்கு என்ன காரணம்?" என்று கேட்டார்.

"எங்க நாய் உட்கார்ந்துடுச்சு டீச்சர்."

வகுப்பே சிரித்தது. ஆசிரியையும் கொஞ்சம் சிரித்துவிட்டார். சின்னவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை. பள்ளி விட்டு வந்ததும் அவள் பையை வீசிவிட்டுப் பொட்டலத்தைப் பிடித்தாள். அம்மா இன்னும் பட்டறையிலிருந்து வரவில்லை. நாளைக்கு மதியம் சித்தி வந்துவிடுவாள். இன்று ஒரு முறை, நாளை காலை ஒரு முறை. மிச்சம் இருப்பது அவ்வளவுதான்.

பட்டை, சிவப்புக் கோட்டு, நாலு கால், வளையம், கொக்கி. மாடிப்படி. தெரு.

உட்கார்ந்தது.

"இன்னைக்கு மட்டும் நட," என்றாள். "அந்த மூணாவது கம்பம் வரைக்கும். நாய்னா நடக்கணும். உனக்கு யாரும் சொல்லித் தரலையா?"

பொட்டலத்தின் காது மட்டும் அசைந்தது.

"நீ நடக்கலைன்னா உன்னை அனுப்பிடுவாங்க. புரியுதா உனக்கு? ஒண்ணும் புரியல. அஞ்சு நாளா தூக்கித் தூக்கி என் தோள்பட்டையே போச்சு. போ. சித்தி வீட்டுக்கே போ. அங்க கோட்டும் கிடையாது, நானும் கிடையாது. நல்லா இருப்ப."

சொல்லிவிட்டுக் கயிற்றைக் கீழே போட்டாள். நாலு அடி தள்ளிப் போய், நடைபாதையின் விளிம்பில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

தெருவில் யாரும் இல்லை. எதிரே பூட்டியிருந்த கடையின் தகரக் கதவு காற்றில் மெல்ல ஆடியது. ஒரு சைக்கிள் கடந்து போனது. அப்புறம் அதுவும் இல்லை.

பின்னால் ஏதோ உரசும் சத்தம் கேட்டது.

அவள் திரும்பவில்லை. தோளுக்கு மேலாகக் கண்ணை மட்டும் ஓட்டினாள்.

பொட்டலம் எழுந்து நின்றுகொண்டிருந்தது. அவளை நோக்கித்தான். ஒரு அடி வைக்கப் பார்த்தது. கழுத்து கீழே போனது, யாரோ அடியில் இருந்து இழுப்பதுபோல. பின்னங்கால்கள் முன்னால் இழுபட்டன. முதுகு கூன் போட்டது. அரை அடி வைத்ததும் தொப்பென்று உட்கார்ந்துவிட்டது.

மறுபடி எழுந்தது. மறுபடி அரை அடி. மறுபடி தொப்.

சின்னவள் மூச்சுவிடாமல் பார்த்தாள். இதுவரை எழுந்த உடனே அவள் இழுப்பாள், அதுவும் உடனே உட்கார்ந்துவிடும். இப்படிப் பேசாமல் இருந்து அவள் பார்த்ததே இல்லை.

'இது வர மாட்டேன்னு சொல்லல. வரத்தான் பார்க்குது.'

மூன்றாம் முறை பொட்டலம் எழுந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. கொக்கி மாட்டியிருந்த வளையம், துளைக்குள் பாதி போய் ஒளிந்துகொண்டது. முதுகில் துணி மடிந்து மடிந்து சுருங்கியது. உட்கார்ந்ததும் வளையம் நேராக வெளியே வந்து நின்றது. முதுகு வழவழ என்று ஆனது. ஒரு சுருக்கம் இல்லை.

எழுந்தால் வளையம் உள்ளே. உட்கார்ந்தால் வெளியே.

சின்னவள் ஓடிப்போய்ப் பொட்டலத்தின் பின்பக்கத்தை மெல்லத் தூக்கி நிற்கவைத்தாள். வயிற்றுப் பக்கம் விரலை விட்டுப் பார்த்தாள். கழுத்திலிருந்து தொடை வரை துணி கொடிக்கயிறு மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. விரல் நுழையவில்லை. கையை விட்டாள். உட்கார்ந்தது. இப்போது துணி தளர்ந்து, இரண்டு விரல் நுழைந்தது.

அவள் பொட்டலத்தை வாரி எடுத்துக்கொண்டு இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே போனாள்.

அம்மாவின் அளவு நாடா தையல் மெஷினின் இழுப்பறையில் இருந்தது. கோட்டைக் கழற்றி, வயிற்றுத் துண்டை மேஜையில் விரித்து அளந்தாள். இருபத்தாறு சென்டிமீட்டர். பொட்டலத்தை நிற்கவைத்து, கழுத்தின் கீழிருந்து தொடை வரை அளந்தாள். அது நாடாவை நக்கியது. இரண்டாம் முறை அளந்தாள். முப்பத்து நாலு.

பிறகு அதை உட்காரவைத்தாள். நாடாவை வைத்தாள்.

இருபத்தாறு.

சின்னவள் நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டு அப்படியே நின்றாள். அம்மா அளவெடுத்த அந்த மாலை கண் முன் வந்தது. மெஷின் பக்கத்தில் பொட்டலம் சமத்தாக உட்கார்ந்திருந்தது. அம்மாவும் அப்படியே அளந்துகொண்டாள். அம்மாவின் வேலையில் எந்தப் பொருளும் எழுந்து நின்றதில்லை.

கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

அம்மா வந்தபோது ஆறு மணி. அவள் கண்ணுக்குக் கீழே களைப்பு தெரிந்தது. வந்தவள் துணிப்பெட்டியைத் திறந்து, மிச்சமிருந்த ஒரே பெரிய துண்டை எடுத்து மேஜையில் விரித்தாள். சாம்பல் நிறம். அதன்மேல் அந்த அட்டையை வைத்தாள். சுண்ணக்கட்டியை எடுத்தாள்.

"நாளைக்குக் காலைக்குள்ள இன்னொண்ணு தெச்சுப் பார்ப்போம். ரொம்ப லேசான துணி. பாரம் இருக்காது."

பெரியவன் வீட்டுப்பாடத்திலிருந்து நிமிர்ந்தான். "நாலாவது கோட்டாம்மா? நாய்க்கு என்னைவிட அதிகம் கோட்டு இருக்கு."

"நீ வேலையைப் பாரு," என்றார் அப்பா.

அம்மா கோடு போடக் குனிந்தாள். சின்னவளின் தொண்டை வரை வார்த்தை வந்துவிட்டது. 'அளவு தப்பு.' ரெண்டே வார்த்தை. ஆனால் அளவு தப்பு என்று அம்மாவிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. அதுவும் பெரியவன் முன்னால் சொன்னால், அவன் அடுத்த குளிர்காலம் வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

அவள் பொட்டலத்தைத் தூக்கி மேஜையில், சாம்பல் துணியின் நடுவிலேயே நிற்கவைத்தாள். வயிற்றுக்கடியில் ஒரு கையைக் கொடுத்து, உட்காராமல் பிடித்துக்கொண்டாள். மற்றக் கையால் நாடாவை நீட்டினாள்.

"அம்மா, ஒரு தடவை அளந்து பாரேன். நான் பிடிச்சுக்கறேன்."

"அளந்தாச்சு கண்ணு. அட்டை இருக்கே."

"அது உட்கார்ந்திருக்கற பொட்டலத்தோட அட்டைம்மா. இது நிக்குது."

அம்மாவின் கை சுண்ணக்கட்டியோடு நின்றது.

அவள் பொட்டலத்தைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். நாடாவை வாங்கி, கழுத்தின் கீழ் ஒரு முனையை வைத்து, தொடை வரை கொண்டுபோனாள். எண்ணைப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். மறுபடி பார்த்தாள்.

அப்பா செய்தித்தாளை மடிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார். சின்னவளின் கையில் பொட்டலத்தின் நெஞ்சு படபட என்று அடித்தது.

பெரியவன் 'புர்' என்று ஒரு சத்தம் செய்தான். அம்மா மெதுவாகத் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். அவன் அவசரமாக ஏதோ ஒரு கணக்கைப் போட ஆரம்பித்தான்.

"எட்டு சென்டிமீட்டர்," என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

"இவ்வளவு நாளா இது நிக்கறதுக்கே இடம் இல்லாம இருந்திருக்கு."

சின்னவள் பொட்டலத்தின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அம்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பொட்டலத்தின் முகத்தைத் தன் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று சின்னவள் பயந்துபோனாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தமே வராத சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பதினோரு வருஷமா அளவெடுக்கறேன்," என்றாள். "ஒரு நாற்காலிகூட எழுந்து நடந்ததில்ல."

இதற்குப் பிறகு பெரியவனால் அடக்க முடியவில்லை. அப்பாவாலும் முடியவில்லை.

புதிதாக ஒன்று தைக்க வேண்டாம் என்று சின்னவள்தான் சொன்னாள். சிவப்புக் கோட்டின் வயிற்றுத் துண்டை நடுவில் பிரித்து, எட்டு சென்டிமீட்டருக்குச் சாம்பல் துணியை இடையில் வைத்து ஒட்டுப்போட்டால் போதும். அம்மா கத்தரியை எடுத்தாள். சின்னவள் பழைய தையலைப் பிரித்தாள். பெரியவன், யாரும் கேட்காமலேயே வந்து, பொட்டலத்தை நிற்கவைத்துப் பிடித்துக்கொண்டான்.

"தலையைக் காட்டுடா," என்றான். பொட்டலம் காலைக் கொடுத்தது. "ஏன் இது எப்பவும் காலையே தருது?"

"அஞ்சு நாளா நான் கேட்டுட்டிருக்கேன்," என்றாள் சின்னவள்.

முதுகுத் துளையையும் அம்மா மூடிவிட்டு, பொட்டலம் நின்றபடி இருக்க, வளையத்துக்கு நேர் மேலே புதிதாக வெட்டினாள். சாப்பிடுவதற்கு முன்பே வேலை முடிந்தது.

சனிக்கிழமை காலை, பட்டை மாட்டினார்கள். கோட்டு மாட்டினார்கள். முன்னங்கால்கள் வழக்கம்போல ஒரே ஓட்டைக்குள் போயின, வெளியே எடுத்தார்கள். கொக்கி 'டக்' என்றது.

பொட்டலம் உட்கார்ந்தது.

அம்மா, அப்பா, பெரியவன் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சின்னவள் கயிற்றை இழுக்கவில்லை. கதவைத் திறந்துவைத்துவிட்டு, தான் மட்டும் இரண்டு படி இறங்கி நின்றாள்.

பொட்டலம் எழுந்தது. நின்றது. கழுத்து கீழே இழுபடும் என்று காத்திருந்தது போலிருந்தது. இழுபடவில்லை. ஒரு காலை எடுத்து வைத்தது. இன்னொரு கால். திரும்பித் தன் முதுகைத் தானே பார்த்துக்கொண்டது.

அதற்கப்புறம் நடந்ததைச் சின்னவளால் சரியாகச் சொல்ல முடியாது. கயிறு கையை வெடுக்கென்று இழுத்தது. இரண்டு மாடிப் படிகள் காலுக்கடியில் ஓடின. துடைப்பானும் கையுமாக நின்ற காவலாளி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். தெரு வந்தது. முதல் கம்பம் போனது. இரண்டாவது போனது.

"நில்லு," என்று கத்தினாள் சின்னவள். "உட்காரு. உட்காருன்னா உட்காரணும்."

ஐந்து நாளாக உட்கார்ந்தே இருந்த நாய் இப்போது உட்கார மறுத்தது.

மூன்றாவது கம்பத்துக்குப் பக்கத்தில், குட்டையான புல்லின் மேல் பொட்டலம் தானாகவே நின்றது. ஒரு சுற்று சுற்றியது. முகர்ந்து பார்த்தது. பின்னங்கால்களை அகட்டிக் குனிந்து, யாரையும் பார்க்காமல், தன் வேலையை நிதானமாக முடித்தது. ஒட்டுப்போட்ட சாம்பல் துணியில் ஒரு சொட்டு படவில்லை.

மேலே ஜன்னலில் அம்மா, அப்பா, பெரியவன் என மூன்று தலைகள் தெரிந்தன. வாசலில் காவலாளி நின்று எட்டிப் பார்த்தார். துடைப்பானைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"பாப்பா," என்றார். "வெளிலயேவா?"

"வெளிலயே மாமா."

அவர் படிகளைத் திரும்பிப் பார்த்தார். காய்ந்து கிடந்தன. சற்று யோசித்துவிட்டு, காலை வெயில் விழுந்த கடைசிப் படியில் வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

மதியம் சித்தி வந்து இறங்கினாள். பேருந்து நிறுத்தத்துக்குச் சின்னவளும் பொட்டலமும்தான் போயிருந்தார்கள். சித்தியின் கையில் ஒரு மூங்கில் கூடை இருந்தது. அதற்குள் மடித்துப் போட்ட ஒரு கம்பளம்.

"நடக்கவே நடக்காதுன்னு உங்கப்பா சொன்னாரே, அந்த நாய் எங்க?" என்றாள் சித்தி.

"இதுதான் சித்தி."

சித்தி குனிந்து பார்ப்பதற்குள் கயிறு விறைத்தது. சின்னவள் ரெண்டு அடி பறந்தாள்.

"அப்போ இந்தக் கூடைல நான் எதைக் கொண்டுபோறது?"

"அண்ணனைக் கொண்டுபோங்க," என்று திரும்பிப் பார்த்துச் சொன்னாள் சின்னவள். அதற்கு மேல் பேச நேரமில்லை. பொட்டலம் ஏற்கனவே வீட்டுப் பக்கம் பாதித் தெரு போயிருந்தது, அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு.